இரவல் போன பாலாடை

எங்கள் வீட்டு முறுக்கு அச்சு எங்கள் வீட்டில் இருந்ததைவிடப் பக்கத்து வீட்டில் இருந்த நாட்கள்தான் அதிகம். முறுக்கு அச்சு மட்டுமா? குடை, ஏணி, இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி ஜார், ஒருமுறை டிவி ரிமோட். ரிமோட்டை இரவல் கேட்டவள் இந்த உலகத்திலேயே அந்தப் பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தியாகத்தான் இருப்பாள். அவள் வீட்டு ரிமோட் கீழே விழுந்து உடைந்துவிட்டது. இரண்டு வீட்டிலும் ஒரே கம்பெனி டிவி. அவள் பார்க்கிற சீரியல் நேரத்தில் நாங்கள் டிவி போடுவதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். எல்லாவற்றையும் அவளே யோசித்து, அவளே முடிவு செய்து, என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனாள். திருப்பிக் கொடுத்தபோது உள்ளே புது பேட்டரி போட்டிருந்தாள்.

அது அவளுடைய கொள்கை. வாங்கியதை வெறுமனே திருப்பித் தரமாட்டாள். கிண்ணமோ டம்ளரோ என்றால் எல்லாரும்தான் கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பார்கள். இவள் எல்லாப் பொருளுக்கும் அந்த மரியாதையைச் செய்தாள். எங்கள் ஏணி திரும்பி வந்தபோது அதன் மேல் படியில் ஒரு முழம் கனகாம்பரம் சுற்றியிருந்தது. குடை திரும்பி வந்தபோது மடிப்புக்குள் அவள் வீட்டு மரத்து முருங்கைக்காய்களைச் செருகி வைத்திருந்தாள். அது தெரியாமல் மழையில் குடையை விரித்த என் கணவரின் தலையில் அத்தனையும் கொட்டின. சாம்பாருக்கு ஆயிற்று என்று பொறுக்கிக்கொண்டு வந்தார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, எவ்வளவு நல்ல மனுஷி என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. திருப்பிக் கொடுப்பது என்பது மாதக்கணக்கில் கழித்து, நாம் அந்தப் பொருளை மறந்து வேறொன்று வாங்கிய பிறகுதான் நடக்கும். தெருவில் எல்லாருக்கும் அவள் மேல் எரிச்சல். எனக்கும்தான். ஆனால் கேட்டால் இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அப்படிக் கேட்பாள்.

நேராக வந்து கேட்கமாட்டாள். உள்ளே வந்து, அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று எட்டிப் பார்த்து, ரயில்வே கேட்டில் நின்ற கதை, வெயில், அவள் பெண் கபடியில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தது எல்லாம் பேசி முடித்து, கிளம்பி, வாசல் வரை போய்விடுவாள். நாம் அப்பாடா என்று மூச்சு விடும்போது திரும்புவாள்.

"ஆங், மறந்தே பூட்டன் தங்கச்சி..."

அவ்வளவுதான். ஒரு பொருள் போயிற்று. நாம் கொஞ்சம் முகத்தைச் சுளித்தால் அதற்கும் பதில் வைத்திருப்பாள். "பொருளுன்னா நாலு வூடு பாக்கணும். வச்ச எடத்துலயே கெடந்தா அதுக்கும் சலிப்பாத்தான் இருக்கும்" என்பாள்.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் போகும் வழியில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வாடகை வீடுகளில் எங்களுடையதும் அவளுடையதும் அடுத்தடுத்து இருந்தன. இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் கணவர் லாரி ஓட்டினார், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். என் கணவர் பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் அச்சு செய்பவர். பொம்மையோ டீ கப்போ, எதுவானாலும் முதலில் அவர் கையால் மாதிரி செய்து, அதிலிருந்து பிளாஸ்டர் அச்சு எடுத்த பிறகுதான் மற்ற வேலை நடக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கடுகு தாளித்தால் எனக்குத் தும்மல் வரும். இந்தப் பக்கம் நாங்கள் சண்டை போட்டால் மறுநாள் அவள் சமாதானம் சொல்வாள். அப்படி ஒரு சுவர்.

இரண்டாயிரத்து மூன்றில் என் மகன் பிறந்தான். தலைப்பிரசவம் என்றால் அம்மா வீட்டுக்குத்தான் போக வேண்டும். என் அம்மா அந்த நேரம் பார்த்துக் குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். அதனால் கம்மாபுரத்திலிருந்து மாமியார் வந்தார். நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். நல்லவர். பெரிய பையில் பூண்டும் சுக்கும் கருவாடும் நிரப்பிக்கொண்டு வந்து, வந்த அன்றே அடுப்படியைத் தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டார். பால் ஊற வேண்டும் என்று தினமும் பூண்டுக் குழம்பு, பால் சுறா கிடைத்த நாளில் புட்டு. அந்தப் பையின் அடியில், சிவப்புத் துணியில் சுற்றி, ஒரு வெள்ளிப் பாலாடை இருந்தது. மூக்கு நீண்ட அந்தச் சின்னக் கிண்ணத்தில்தான் என் கணவர் பால் குடித்து வளர்ந்தாராம். அவருடைய அப்பாவும் அதில்தானாம். நடுவில் பல் பட்டு நசுங்கிய ஒரு இடத்தைக் கூடக் காட்டினார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். தண்ணீர் கூட வேண்டாம். பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும், ராத்திரியிலும் கேட்கிறபோதெல்லாம் கொடு என்றார். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, "கேட்கிறபோதெல்லாம்" என்றால் என்ன என்று. பகலெல்லாம் பூனைக்குட்டி போலச் சுருண்டு கிடப்பான். பொழுது சாய்ந்ததும் தொடங்குவான். குடிப்பான், தூங்குவான், கீழே போட்டால் எழுந்துகொள்வான், மறுபடி குடிப்பான். விடிவதற்குள் எத்தனை முறை எழுந்தேன் என்று யாராவது கேட்டால் அழுதுவிடுவேன் போலிருந்தது. இடுப்பு போயிற்று, கண் போயிற்று, ஒரு நாள் காலையில் உப்புமாவுக்குச் சர்க்கரையைப் போட்டேன்.

அத்தைக்கு இதற்கு ஒரே காரணம்தான் தெரிந்தது.

"உங்கிட்ட பால் பத்தலம்மா. வயிறு ரொம்பனா புள்ள ஏன் எந்திரிக்குது? பசும்பால்ல தண்ணி ஊத்தி ராத்திரிக்கு ஒரு பாலாடை குடுத்தா கம்முனு தூங்கும். நீயும் தூங்கலாம்."

"ஆஸ்பத்திரியில வேணாம்னு சொல்லியிருக்காங்க அத்த."

"அவங்களா வந்து ராத்திரி எந்திரிக்கிறாங்க?"

அவர் என் மேல் இருந்த அக்கறையில்தான் சொன்னார் என்பதும் தெரியும். அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் எதிர்த்துப் பேசிவிடலாம். முதல் வாரங்களில் கல்லாகக் கனத்த மார்பு அப்போது இளகிவிட்டிருந்தது. உண்மையிலேயே பால் வற்றிவிட்டதோ என்ற பயம் எனக்குள்ளும் இருந்தது. எனக்கு என் பிள்ளைக்கு நானே கொடுக்க வேண்டும் என்று ஆசை. அது வீம்பு இல்லை. அவன் குடிக்கும்போது என் விரலைப் பிடித்துக்கொள்வான். அந்தப் பிடியை யாருக்கும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

ஒரு நாள் காலை பேச்சு முற்றி, நான் அழுது, அத்தை கோபமாகப் பாலாடையை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். சாயங்காலம் பால்காரர் வந்ததும் கொடுத்துவிடுவது என்று முடிவாகிவிட்டது. என் கணவர் எப்போதும் போல இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

மத்தியானம் அக்கா வந்தாள். அடுப்பை எட்டிப் பார்த்தாள். பூண்டுக் குழம்பை ஒரு கரண்டி கையில் வாங்கி நக்கி, "ஐய, என்னா ருசிம்மா" என்று அத்தையைப் புகழ்ந்தாள். நெய்வேலிப் பக்கம் நிலம் அளக்க வந்தவர்களைப் பற்றி விசாரித்தாள். சுரங்கத்துக்குத் தங்கள் ஊர் நிலத்தையும் எடுத்துவிடுவார்களோ என்பது அத்தையின் தீராத கவலை. அதைப் பற்றி யார் பேசினாலும் உருகிவிடுவார். எல்லாம் பேசி முடித்து அக்கா வாசல் வரை போனாள். திரும்பினாள்.

"ஆங், மறந்தே பூட்டன். சேத்தியாத்தோப்புல எங்க அக்கா பொண்ணுக்குக் கொழந்த பொறந்திருக்குதும்மா. நோஞ்சானா இருக்குதாம், வாய் வச்சிக் குடிக்கத் தெம்பு இல்லியாம். டாக்டரு தாய்ப்பாலக் கறந்து பாலாடையில குடுக்கச் சொன்னாராம். நல்ல வெள்ளிப் பாலாடையா ஒண்ணு இருந்தா..."

அத்தை யோசித்தார். கவிழ்த்து வைத்த பாலாடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நோஞ்சான் குழந்தை என்று கேட்டபிறகு இல்லை என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்? "ரெண்டு நாள்ல குடுத்துடணும், ஆமா" என்று எடுத்துக் கொடுத்தார். பாவம், அவருக்கு அக்காவைப் பற்றித் தெரியாது. எங்கள் முறுக்கு அச்சைக் கேட்டிருந்தால் அது சொல்லியிருக்கும்.

மறுநாள் துணி துவைக்கிற கல்லருகே அவளைப் பிடித்தேன். குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"எந்தக் கொழந்த?" என்றாள். பிறகு சிரித்தாள். "எங்க அக்காவுக்குப் பொண்ணே கெடையாது தங்கச்சி. ரெண்டும் பசங்க. ஒருத்தனுக்கும் இன்னும் கல்யாணம் ஆவல. பாலாடை எங்க வூட்டு அரிசி டிரம்முக்குள்ள இருக்குது. நீ பாட்டுக்குக் குடு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதற்காகச் செய்தாள் என்று கேட்டதற்கு, "சுவுரு மெல்லிசா இருக்குது, எல்லாம் கேக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணியைப் பிழிய ஆரம்பித்தாள்.

கிண்ணமும் ஸ்பூனும் இல்லாத வீடா என்று நீங்கள் கேட்கலாம். அத்தை ஒப்பமாட்டார். மேல்பால் என்று முதன்முதலாகக் குழந்தையின் வாயில் படுவது அந்த வெள்ளியில்தான் பட வேண்டும், மூன்று தலைமுறைப் பழக்கம். ரப்பர் பாட்டில் என்ற பேச்சை எடுத்தாலே முகம் மாறிவிடும். ஆகவே அவர் தினமும் சுவரைப் பார்த்து, "ஏம்மா, பாலாடை வந்துச்சா?" என்று கேட்பார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தினமும் ஒரு பதில் வரும். ஒரு நாள் குழந்தைக்குச் சளி. ஒரு நாள் கொண்டு வர வேண்டிய மாமா பஸ்ஸில் வேறு பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். ஒரு நாள் சேத்தியாத்தோப்பில் சந்தை, கூட்டத்தில் எடுத்து வந்தால் தொலைந்துவிடும். அந்த இல்லாத குழந்தையின் எடை ஏறுவதையும் இறங்குவதையும் கேட்டுக் கேட்டு, எனக்கே அதன் மேல் பாசம் வந்துவிட்டது.

போதாக்குறைக்குப் பிள்ளையையும் இரவல் கேட்டாள். மத்தியானம் நான் பால் கொடுத்து முடித்ததும் வந்து நிற்பாள். "கொழந்தையக் குடு தங்கச்சி, ஒரு தூக்கம் தூங்கு. ராத்திரி அவன் எந்திரிச்சா நீதான் எந்திரிக்கணும், அத நான் வாங்கிக்க முடியாது."

"கொழந்தையையுமா இரவல் கேப்ப?" என்று அத்தை அதட்டினார்.

"பக்கத்து வூடுதானம்மா. அவனும் ஒரு வூட்டப் பாக்கட்டும்."

அவன் அங்கே பசித்து வாயைச் சப்ப ஆரம்பித்தால் சுவரில் தட்டுவாள். நான் எழுந்து உட்காருவதற்குள் பிள்ளை வந்துவிடுவான். நெற்றியில் புதிதாக ஒரு மை பொட்டு, அல்லது கையில் ஒரு கலர் நூல், ஏதாவது ஒன்று கூடுதலாக இருக்கும். வெறுமனே திருப்பித் தரக் கூடாதே. அந்தப் பகல் தூக்கம்தான் என்னை மனுஷியாக வைத்திருந்தது. ராத்திரியில் அவனைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தபடியே கொடுக்கப் பழகினேன். அவன் எழுந்துகொள்வது குறையவில்லை. எனக்குத்தான் பயம் குறைந்தது.

என் கணவருக்கு இந்த இரவல் ரகசியம் தெரியாது. அம்மா தினமும் பாலாடை பாலாடை என்று புலம்புவதைப் பார்த்துத் தாங்காமல், பீங்கானிலேயே ஒன்று செய்துவிடுவதாகச் சொன்னார். வெள்ளி இல்லையென்றாலும் மகன் கையால் செய்தது என்பதால் அத்தையும் சம்மதித்தார். இரவலுக்குப் போன ஒன்றைத் திரும்பி வராமல் தடுக்கலாம், கம்பெனியில் செய்து கொண்டு வருவதை எப்படித் தடுப்பது?

பழைய பாலாடையின் அளவை மனதில் வைத்து மாதிரி செய்து, அச்சு எடுத்து, களிமண் குழம்பை ஊற்றி, காய வைத்து, சூளைக்கு அனுப்பினார். ஒரு நாள் சாயங்காலம் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்து அம்மாவின் கையில் கொடுத்தார். வெள்ளை வெளேரென்று பளபளத்தது. அத்தை பிரித்துப் பார்த்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, மகனைப் பார்த்தார்.

"என்னாடா இது, அகல் வெளக்கா?"

பீங்கான் களிமண் சூளையில் வேகும்போது சுருங்கும். அதனால் மாதிரியைப் பெரிதாகச் செய்ய வேண்டும். பேட்டையில் நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் இது தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதே என் கணவர்தான். பிள்ளை அழுது தூக்கமில்லாமல், நின்றபடியே கண்ணசந்து வேலை செய்ததில் அந்த மனிதர் அதையே மறந்திருக்கிறார். அந்தச் சின்ன சாமானைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சுருங்கிடுச்சி" என்றார். அது எங்களுக்கே தெரிந்தது.

சத்தம் கேட்டு அக்கா வந்துவிட்டாள். "ஐய, எவ்ளோ அழகா இருக்குது! குடுங்கம்மா, கார்த்திகைக்கு எங்க வூட்டு வாசல்ல ஏத்தறன்" என்று கையை நீட்டினாள். அத்தை வாய்விட்டுச் சிரித்துவிட்டார். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அகல் பாலாடையும் இரவல் போயிற்று.

ஆனால் சிரிப்பு அடங்கியதும் அத்தை சொன்னார். "நாளைக்கு எங்க ஊர்ல நெலத்தப் பத்திக் கூட்டம் போட்டிருக்காங்க. கம்மாபுரம் போயிட்டு அப்படியே சேத்தியாத்தோப்புக்கும் ஒரு நடை போயி நானே பாலாடைய வாங்கிக்கிட்டு வந்துடறன். உங்க அக்கா வூடு எங்கம்மா?"

அக்கா வாயைத் திறந்தாள். ஏதோ ஒரு பெரிய பொய் வரப்போகிறது என்று நான் காத்திருந்தேன். அதற்குள் கபடி முழங்காலோடு பின்னால் நின்றிருந்த அவள் பெண் முந்திக்கொண்டாள். "பெரிம்மா வூடா? பாலத்தாண்ட எறங்கி உரக்கடைக்குப் பின்னாடி. பச்ச கேட்டு" என்று தெளிவாகச் சொன்னாள். அக்கா மகளைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

மறுநாள் அத்தை பஸ் ஏறியதும் அக்கா எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினாள். அவள் அக்கா வீட்டுக்கு முன்னால் இருக்கும் உரக்கடையில்தான் போன் இருந்தது. அடித்தது, அடித்தது, யாரும் எடுக்கவில்லை. திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். அடுப்பை எட்டிப் பார்க்கவில்லை. எதையும் இரவல் கேட்கவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கு நிஜமான பயம் வந்தது.

"பாலாடையக் கொண்டாந்து குடுத்துடட்டுமா தங்கச்சி? எம் மேல பழியப் போட்டுடு. உங்களுக்குள்ள சண்ட வந்துடக் கூடாது" என்றாள்.

மடியில் பிள்ளை குடித்துக்கொண்டிருந்தான். விரலைப் பிடித்திருந்தான். கன்னம் உப்பி, கையில் மடிப்பு விழ ஆரம்பித்திருந்தது. தடுப்பூசிக்குப் போனபோது எடை பார்த்த நர்ஸம்மா, "நல்லா ஏறியிருக்கு, இப்படியே குடும்மா" என்றிருந்தார்.

"வேணாங்க்கா. டிரம்முலயே இருக்கட்டும். அத்த வந்தா நானே சொல்லிடறன். நான் குடுக்கறது போதும்னு சொல்லிடறன்."

சொல்லிவிட்டேனே தவிர, சாயங்காலம் வரை வாசலுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். இருட்டுவதற்கு முன் அத்தை வந்தார். காலைக் கழுவினார். தண்ணீர் குடித்தார். பிள்ளையைக் கையில் வாங்கி, தொடையைப் பிடித்துப் பார்த்தார். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், "போனீங்களா அத்த?" என்று மட்டும் கேட்டேன்.

"போனன்."

"பாத்தீங்களா?"

"பாத்தன். கொழந்த நல்லா இருக்குது. பாலாடையில சமத்தா குடிக்குது. அதப் புடுங்கிக்கிட்டு வர மனசு வரல. இன்னும் நாலு மாசம் அங்கயே இருக்கட்டும்."

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் தடாலென்று கீழே விழுந்தது.

இது எப்படி நடந்தது என்று நானும் அக்காவும் பல நாள் துணி துவைக்கிற கல்லருகே நின்று மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். "எங்க அக்காவும் என்ன மாதிரிதான தங்கச்சி. வாசல்ல ஆளப் பாத்ததும் பக்கத்து வூட்டுக் கொழந்தைய இரவல் வாங்கிக் காட்டியிருப்பா." பிறகு அவளுடைய அக்காவிடமே கேட்டும் பார்த்தாள். அந்தம்மா சிரித்தாரே ஒழிய ஒன்றும் சொல்லவில்லையாம். அதனால் இரவல் குழந்தைதான் என்று நாங்களும் உறுதியாக நம்பினோம். அந்தக் குடும்பத்தில் எதுவும் நடக்கும்.

அன்று முதல் அத்தை மேல்பால் என்ற பேச்சையே எடுக்கவில்லை. விடிந்ததும் பிள்ளையை வாங்கிக்கொண்டு வெயிலில் போய் உட்கார்ந்துவிடுவார், நான் இன்னொரு தூக்கம் தூங்குவேன். பார்க்க வந்த சொந்தக்காரி ஒருத்தி, "ராத்திரியெல்லாம் எந்திரிக்குதாமே, பால் பத்தலையோ?" என்று இழுத்தபோது, அத்தை அவளுக்குப் பிள்ளை நனைத்த தன் புடவையைக் காட்டினார். "பால் பத்தாமத்தான் காலையிலருந்து மூணாவது பொடவ மாத்தறனா?" என்றார். அறைக்குள் இருந்த எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

மகனுக்கு முதல் சோறு ஊட்டிய அன்று பாலாடை வந்து சேர்ந்தது. திருநீறு போட்டுத் துலக்கி, உள்ளே கல்கண்டு நிரப்பி, அக்கா கொண்டு வந்து கொடுத்தாள். அத்தை அதை வாங்கி, கல்கண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "கொழந்த தேறிட்டுதா?" என்று கேட்டார். "சூப்பரா தேறிட்டுதும்மா" என்றாள் அக்கா. இருவரும் முகத்தை அசைக்கவில்லை. பாலாடை சிவப்புத் துணிக்குள் போய்க் கம்மாபுரம் போயிற்று.

நான்கைந்து வருஷம் கழித்து என் மகள் பிறந்தாள். அதற்குள் தெருவில் எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட்டது. அக்கா இப்போது சார்ஜர் இரவல் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை அம்மா வீட்டுக்குப் போகலாம் என்றால், அத்தை விடவில்லை. தானே வருவேன் என்று வந்தார். அதே பை. அதே பூண்டு. பாப்பாவைக் கூட இன்னும் பார்க்கவில்லை, பைக்குள் கையை விட்டுச் சிவப்புத் துணியை எடுத்தார். எனக்குப் பகீரென்றது. மறுபடியுமா?

அக்கா என் கட்டிலருகே உட்கார்ந்து பாப்பாவின் கால் விரலை நீவிக்கொண்டிருந்தாள். அத்தை நேராக அவளிடம் போய், பாலாடையை அவள் கையில் வைத்தார்.

"இந்தா. நீ வாசல் வரைக்கும் போயித் திரும்பி வந்து கேக்கறதுக்கு முன்னாடி நானே குடுத்துட்டன். உங்க அக்கா பொண்ணுக்கு வேணுமில்ல?"

அக்கா விழித்தாள்.

"அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்குது? நான் அன்னைக்குப் போனப்ப உங்க அக்காவுக்கு ரெண்டு பசங்கதான் இருந்தானுங்க. பெரியவன் எனக்கு எளநி வெட்டிக் குடுத்தான். நல்ல புள்ளைங்க."

வாயாடி அக்காவுக்குப் பேச்சு வராமல் போனதை அன்றுதான் பார்த்தேன். நான்தான் கேட்டேன். "எல்லாம் தெரிஞ்சிதான் சும்மா இருந்தீங்களா அத்த? இவங்க அக்காவும் சொல்லவேயில்லியே?"

"எப்படிச் சொல்லும்? சத்தியம் வாங்கிக்கிட்டு இல்ல வந்தன்." அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் பாலாடையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அந்தம்மாதான் எல்லாத்தையும் சொல்லிச்சி. இவ பொண்ணு கைக்கொழந்தையா இருக்கச் சொல்ல இதே மாதிரி ராத்திரி எந்திரிச்சி எந்திரிச்சி அழுதிருக்குது. பால் பத்தலன்னு பாலாடையில மேல்பால் ஊத்தியிருக்காங்க. கொழந்த மாரக் கேக்கறது கொறஞ்சி, இவளுக்கு மார்ல பால் கட்டி, அப்புறம் பாலே நின்னு போயிடுச்சி. அழுதுகிட்டே இருந்தாளாம். பொண்ணு நல்லாத்தான் வளந்திருக்குது, கபடி ஆடுது. ஆனா இவளுக்குத்தான் மனசு ஆறவே இல்லியாம். யாரு ஊத்தினதுன்னு கேட்டன். மாமியாதான்னு சொல்லிச்சி."

பாப்பா எதையோ சப்பிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பேரு எனக்கு வேணாம்னு நெனச்சன்" என்றார் அத்தை. "பொருளுன்னா நாலு வூடு பாக்கணும்னு நீதான சொல்லுவ. வச்சிக்க. பாப்பா சோறு தின்ற அன்னைக்குக் குடு. கல்கண்டு வேணாம், போன தடவ பல்லு கூசிச்சி."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும்தான். பாலாடையை முந்தானையில் முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். எங்கள் இருவரையும் பார்த்து என்னவோ சொல்ல வந்து, சொல்லாமல் தலையை ஆட்டிவிட்டு வாசல் வரை போனாள். போனவள் திரும்பினாள்.

"ஆங், மறந்தே பூட்டன்..."

அத்தை சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்தேன். வாசல் நிலையைப் பிடித்தபடி அக்காவும் சிரித்தாள். அன்று அவள் என்ன கேட்க வந்தாள் என்பது அந்தச் சிரிப்போடு போயிற்று, பிறகு அவளுக்கே நினைவில்லை. எது கேட்டிருந்தாலும் கொடுத்திருப்போம்.